ஓகே

எதுவும் சரியில்லாதபோது
ஓகே என்று சொல்கிற ஒரே யந்திரம்
எனக்குத் தெரிந்து இதுதான்.
வெள்ளைத் திரை, கறுப்பு எழுத்து,
பக்கத்தில் துடிக்கும் ஒரு சிறு கட்டம்.
வட்டைக் காணோம், தேதியைக் காணோம்,
நினைவகத்தில் எங்கோ ஓட்டை.
ஓகே.

பீண்யா இரண்டாம் ஸ்டேஜ்,
கியர் ஷாஃப்ட் அளக்கும் கண்ணாடி அறை.
கிரானைட் மேசைமேல் அளவுக்கரம்
பாதி இறங்கி நிற்கிறது,
சாட்சி சொல்ல வந்து
வாயைத் திறந்த பிறகு மறந்துபோனவர் மாதிரி.
அதை ஓட்டுவது இந்த யூனிக்ஸ் பெட்டி.
பீட்சா டப்பா அகலம்.
என் சர்வீஸைவிட நான்கு வயது மூப்பு.

"ஆகுத்தா மேடம்?"
ருத்ரேஷ் நாலாவது முறை கேட்கிறார்.
"ஆகுத்தே" என்கிறேன்.
இன்றா நாளையா என்று சொல்லாமலே
இப்படிச் சொல்ல முடிவது
கன்னடம் என் தொழிலுக்குச் செய்த உதவி.

முதலில் நினைவகம்.
எட்டுப் பலகைகள், நான்கு ஜோடி.
மகளின் டப்பாவிலிருந்து எடுத்த
ஸ்ட்ராபெரி வாசனை ரப்பரால்
தங்க விளிம்புகளைத் தேய்த்தேன்.
செருகி, பார்த்து, பிடுங்கி,
மறுபடி செருகி.
மூன்றாம் ஜோடியில் வந்தது பாரிட்டி பிழை.
இடப்பக்கத்தது செத்திருக்கிறது.
வலப்பக்கத்தது சுத்தம். ஒரு குறையும் இல்லை.
ஆனாலும் இந்தப் பெட்டி ஒற்றையை ஏற்காது,
கெட்டதோடு நல்லதும் வெளியே வரவேண்டும்.
கழற்றினேன்.
நல்லதை மட்டும்
சப்பாத்தி சுற்றிவந்த அலுமினியத் தாளைத் துடைத்து
அதில் சுற்றிப் பையில் போட்டேன்.
எஸ்.பி. ரோட்டில் என்றாவது
அதற்கொரு துணை கிடைக்கும்.

மறுபடி மின்சாரம்.
நினைவகம் முக்கால், போதும் என்றது.
அப்புறம்தான் தெரிந்தது
இதற்குத் தன் பெயரே தெரியவில்லை.
கறுப்புச் சில்லுக்குள் பூட்டிவைத்த மின்கலம்
எப்போதோ தீர்ந்திருக்கிறது.
எண் இருக்கவேண்டிய இடத்தில்
எஃப் எஃப் எஃப் எஃப் என்று
ஈர அடுப்பை ஊதிக்கொண்டிருக்கிறது.
அந்த எண் இல்லாமல் மென்பொருள் திறக்காது.
விற்ற கம்பெனியும் இப்போது இல்லை.

"பின்னாடி ஒரு ஸ்டிக்கர் இருந்துதே?"
இருக்கிறது.
பதினேழு ஆயுத பூஜைச் சந்தனம்,
அதன்மேல் குங்குமம்,
அதற்கும் மேல் போன வருடத்துச் சந்தனம்.
ஸ்விட்ச் பக்கத்தில்தான் பொட்டு வைக்கவேண்டுமாம்.
ஈரத்துணி கூடாது, மை கரையும்.
நகத்தால், ஸ்கேலால், திரும்பவும் நகத்தால்
ஆண்டு ஆண்டாகச் சுரண்டினேன்.
கடைசி ஆறு இலக்கத்தில் ஐந்து தெரிந்தது.
ஆறாவது மூன்றா எட்டா?
குங்குமம் அங்கே காகிதத்துக்குள் இறங்கியிருந்தது.

மூன்று. அடித்தேன். உரிமம் செல்லாது.
எட்டு.

அளவுக்கரம் ஒருமுறை சிலிர்த்து
மேசை மூலைக்குத் தானே போய் நின்றது.
அதுவரை வாசலிலேயே நின்ற ருத்ரேஷ்
செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

முதல் ஷாஃப்ட் தேறியது.
அச்சான சான்றிதழில் தேதி:
1970 ஜனவரி ஒன்று, காலை ஐந்து நாற்பத்தொன்று.
அன்றைக்கு நான் இல்லை, அவரும் இல்லை,
இந்த ஷாஃப்டின் இரும்பு ஏதோ மலைக்குள் கல்லாய்க் கிடந்தது.
அளவு மட்டும் மைக்ரான் சுத்தம்.
அவர் பேனாவால் தேதியை அடித்துத் திருத்தி
கையெழுத்துப் போட்டார்.

அந்த எட்டை நான் சுவரில் எழுதினேன்,
சந்தனம் எட்டாத உயரத்தில்.

"அணைக்காதீங்க," என்றேன்.
நாளைக்குப் புது மின்கலத்தோடு வந்து
சில்லை அறுத்துப் பற்றவைக்கும்வரை
அணைத்தால் எல்லாம் மறந்துவிடும்.
"யுபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்கும்?"

ஜன்னலுக்கு வெளியே நாகசந்திரா பக்கம்
மேகம் கறுத்து இறங்கிக்கொண்டிருந்தது.
ருத்ரேஷ் அதைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.
"ஆகுத்தே" என்றார்.