ஓஸ்மோவுக்கு, பிரிட்ஜ் கதவில்

சாவி பழைய இடத்தில் இல்லை.
பூந்தொட்டியைத் தூக்கிப் பார்த்து விரலை உறைய வைக்காதே.
விறகுக் கொட்டகைக்குப் போ,
ஆணியில் ஓர் இடதுகைக் கையுறை தொங்கும், அதற்குள்.
வலதுகையைத் தேட வேண்டாம்.
நீ கெமியை விட்டுப் போன குளிர்காலத்தில்
அதுவும் எங்கோ போயிற்று.

ஔலு மருத்துவமனை என் முழங்காலை மாற்றி
என்னை அனுப்பிவைக்கப் பத்து நாள்.
அதுவரை வீடு உன்னுடையது,
அதாவது, உன் பொறுப்பு.

மூருவுக்குக் காலையில் ஒரு கரண்டி, இரவில் ஒரு கரண்டி.
நடுவில் அழுதால் பசி இல்லை, நடிப்பு.
உப்பு மீன் ஆகாது.
அன்றைக்கு நீ மேசைக்கு அடியில் கொடுத்ததெல்லாம்
எனக்கு அப்போதே தெரியும்.
கம்பளத்தைக் கழுவியது யாரென்று நினைத்தாய்?

கம்பளம் என்றதும் ஞாபகம் வருகிறது:
கறை பட்டால் தேய்க்காதே, ஒற்றி எடு.
தேய்க்கத் தேய்க்க உள்ளேதான் இறங்கும்.
சமையல் சோடா தூவி ஒரு ராத்திரி விடு.
ஒரு ராத்திரிக்கு மசியாத கறையும் உண்டு.
அதன் மேல் நாற்காலியை நகர்த்திப் போடு.
கூடத்தில் நாற்காலி ஏன் கோணலாய் நிற்கிறதென்று
இனிமேல் கேட்க மாட்டாய்.

மரம் இருபத்திரண்டாம் தேதி வரும்.
பணம் கொடுத்தாயிற்று, டிப்ஸ் மட்டும் கொடு.
அடித்தண்டில் இரண்டு விரற்கடை அறுத்துவிட்டு
உடனே தண்ணீரில் நிறுத்து.
முதல் நாள் குடிகாரனைப் போலக் குடிக்கும்,
பிறகு திருந்திவிடும்.
கண்ணாடி உருண்டைகளை மேலே கட்டு,
வைக்கோல் ஆடுகளைக் கீழே,
மூருவின் கை எட்டும் உயரத்தில் உடையாதது மட்டும்.
தொட்டியைச் சுற்றி ஆரஞ்சுத் தோல் போட்டால்
கிட்டே வராது என்பார்கள்.
நம் பூனை அந்தத் தோலோடு விளையாடும்.
இருந்தாலும் போடு, வீடு மணக்கும்.
வெள்ளி ஜரிகை வேண்டவே வேண்டாம்,
விழுங்கினால் குடலில் சிக்கும்.
உன் அம்மா கொடுத்த ஜரிகை மாடியில், பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது.
கட்டவில்லை. தூக்கி எறியவும் இல்லை.

கணப்பில் நீலச் சுடர் அடங்கும் முன்
புகைபோக்கியை மூடாதே.
இதை இரண்டு முறை படி.

மைனஸ் பதினைந்துக்குக் கீழே இறங்கினால்
ஐஸ் விளக்குக்கு அதுதான் நேரம்.
இரண்டு வாளியில் தண்ணீர் நிரப்பி வெளியே வை.
ஓரம் உறையும், நடு உறையாது.
எட்டு மணி நேரம், அதற்கு மேல் போகாதே.
கவிழ்த்து, நடுத் தண்ணீரைக் கொட்டி,
குழியில் மெழுகுவத்தி வை.
மறந்து தூங்கினால் அடிவரை இறுகி
வாளியும் வெடிக்கும், விளக்கும் கிடைக்காது.
நாம் இரண்டு பேரும் அப்படி ஒரு குளிர்காலம் தூங்கினோம்.

ஒரு விளக்கு வாசற்படிக்கு.
இன்னொன்றைப் பண்டிகை இரவு
சறுக்கு வண்டியில் வைத்துக் கல்லறைத் தோட்டத்துக்கு இழுத்துப் போ.
ஐந்தாம் வரிசை, பிர்ச் மரத்துக்கு இந்தப்பக்கம்.
நீ மறந்திருக்க மாட்டாய், எழுதிவைக்கிறேன், அவ்வளவுதான்.
பனியைக் கையால் தள்ளு.
மண்வாரி கல்லைக் கீறிவிடும்.
சின்னக் கல் அது.

திரும்பி வந்து சூப்பைச் சூடாக்கிக்கொள்.
பானை அடிப்பிடித்தால் வினிகர் ஊற்றிக் கொதிக்க விடு,
பிடித்துத் திட்டாதே.

மூரு முதல் மூன்று நாள் கட்டிலுக்கு அடியில்தான்.
குனிந்து கூப்பிடாதே.
தரையில் உட்கார்ந்து வேறெங்கோ பார்த்துக்கொண்டிரு,
செய்தித்தாள் படி, இரும வேண்டுமானால் இருமு.
அது தானாக வந்து
உன் கறுப்புக் கோட்டின் மேல் சுருண்டுகொண்டால்
ரோமம் அப்பும்.
ரப்பர் கையுறையை நனைத்து ஒரே பக்கமாக வழித்தால்
எல்லாம் வந்துவிடும்.
வழிக்காமல்
அப்படியே போட்டுக்கொண்டும் போகலாம்.

கெர்ட்டு