ஒரு கோடு, ஓரெழுத்து

ராத்திரி இரண்டு பத்துக்கு
சந்திரஹாச ஹெக்டே தட்டியது
ஒரு சிறுகோடு, ஒட்டினாற்போல் ஆங்கில 'என்'.

எத்தனையோ கருவிகளில் அதற்கு
ஒத்திகை என்று பொருள்.
செய்யாதே, செய்தால் என்ன ஆகும் என்று மட்டும் சொல்.
இருட்டில் சுவிட்சைத் தேடாமல் தொடும் கைபோல
அவர் விரலுக்கு அது பாடம்.

நான் எழுதிய கருவியில்
அதற்குப் பொருள் வேறு:
கேட்காதே, செய்.

செய்தது.
வெள்ளிக்கிழமை ஹாசனுக்கும் ஹூப்ளிக்கும்
பஸ் ஏற வேண்டிய
பதினோராயிரத்து நானூறு பேர்
இருக்கை எண்ணோடு காணாமல் போனார்கள்.

முருகேஷ்பாளையத்தில் என் தெருவுக்கு
தண்ணீர் லாரி வந்திருந்த நேரம்.
மோட்டார் இரைச்சலுக்கு மேலே போனில் அவர் குரல்:
"யாழரசி, உங்க என்னுக்கு என்ன அர்த்தம்?"
கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

என்ன அர்த்தம்.
ஒரு செவ்வாய் மதியம், கேன்டீனில்
பிஸிபேளேபாத் தீர்ந்துவிடும் என்கிற அவசரத்தில்
கைக்குக் கிடைத்த எழுத்து.
என் கருவி, என் எழுத்து,
என்
என்று இருந்துவிட்டேன்.

டொம்லூர் ஆபீஸில் ஐந்தே முக்காலுக்கு
கடைசிப் பயணியும் திரும்பி வந்து
ஜன்னலோரம் உட்கார்ந்தார்.
அப்புறம் திருத்தினேன்.
குறிலுக்கு ஒரு கோடு, நெடிலுக்கு இரண்டு,
ஊரோடு ஒத்தபடி.
என் இனி ஒத்திகை.
கேட்காமல் செய்வதற்குக் குறிலே கிடையாது,
முழுச்சொல்லையும் தட்டட்டும்,
தட்டி முடிப்பதற்குள் ஒரு மூச்சாவது விடுவார்கள்.

ஹெக்டே படித்துவிட்டு
"உதவிப் பக்கத்திலும் மாத்திடுங்க" என்றார்.
அவ்வளவுதான்.

ஓரெழுத்தை யார் எப்படி விரிப்பார்கள் என்று
நான் அறியாதவளா?
ம. யாழரசி, சேர்ந்த அன்றைக்கு.
குடும்பப் பெயர் கட்டாயம் என்றது படிவம்.
புள்ளிக்குள் சும்மா இருந்த அப்பாவை
இழுத்து வெளியே நிறுத்தினேன்.
நெய்வேலியைத் தாண்டாத மனிதர்
மாசிலாமணி மேடமாகி
ஆறு வருஷமாக இந்த லிப்டில் ஏறி இறங்குகிறார்.

இன்னொன்றும் மிச்சமிருந்தது.
கலவரத்தில் யாரோ உண்டாக்கிய கோப்பு,
பெயரே கோட்டில் தொடங்குகிறது.
அழி என்றால்
பெயரைக் கட்டளை என்று நினைத்துக்கொண்டு
தெரியாது போ என்கிறது கணினி.
அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்.
வெறுமனே இரண்டு கோடு, எழுத்தில்லாமல்.
இதற்குப் பின்னால் வருவதெல்லாம்
பெயர். வெறும் பெயர்.
எந்தக் கோட்டில் தொடங்கினாலும்.

போனது கோப்பு.
எனக்கு ஏனோ தொண்டை அடைத்தது,
தூக்கம் கெட்டதால் இருக்கலாம்.

கீழே செக்யூரிட்டி பதிவேட்டை நீட்டினார்,
இரவில் தங்கிய பெண்கள் எழுத வேண்டியது.
குடும்பப் பெயர்க் கட்டத்தில்
இரண்டு சிறுகோடு போட்டு
யாழரசி என்று எழுதினேன்.

அவர் பார்த்தார்.
அடித்துவிட்டேன் என்று நினைத்து
விரலால் அடுத்த வரியைக் காட்டி
"பரவாயில்ல மேடம், இங்க
சரியா எழுதுங்க" என்றார்.