டிம்

நான் பேசுவது எதுவும் என் பேச்சல்ல.
பத்தொன்பது வருடமாகப் பினாங்கு
லைட் ஸ்ட்ரீட் கோர்ட்டில்
அடுத்தவர் வாய்க்கு வாடகை நாக்கு.

அன்றைக்குச் சாட்சி சன்னாசி.
ஜெலுத்தோங்கில் ஒரு கிடங்குக்கு ஜாகா வேலை.
ராத்திரி இரண்டே கால்,
மோட்டார்காரனை இடித்துவிட்டு
நிற்காமல் போன வெள்ளை வேனின்
நம்பரைப் பார்த்தவர்.

"லைட்டு மங்கலாத்தான் இருந்துச்சும்மா."
டிம், என்றேன் ஆங்கிலத்தில்.
ஓரசைச் சொல்.
சொன்னதும் வக்கீல் தயாபரன்
நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார்.

விளக்கு டிம்.
கண்ணில் புரை, ஆக உமது பார்வையும் டிம்.
நடந்து பதினான்கு மாதம்,
ஞாபகமும் டிம்தானே?

ஒரே சாவியில் அவருக்கு மூன்று பூட்டு.
எனக்கு அப்படி வாய்க்கவில்லை.
விளக்கென்றால் மங்கல்,
கண்ணென்றால் மசமசப்பு,
ஞாபகத்துக்கு?
வெளுத்ததா, தேய்ந்ததா, புகை மூடியதா
என்று நான் தடவிக்கொண்டிருக்க
நீதிபதி பேனாவை மூடித் திறந்தார்.
"ஞாபகம் மங்கிப்போச்சான்னு கேக்குறாரு."

சன்னாசி என்னை நிமிர்ந்து பார்த்தார்.
"மங்கல."

வக்கீலுக்கும் தமிழ் உண்டு, சமையலறை வரைக்கும்.
சாட்சியே ஒப்புக்கொண்டார் கனம் நீதிபதி,
மங்கல், அதாவது டிம்!

இல்லை ஐயா, அது ல் இல்லை, ல.
மங்கவில்லை என்பதை நாங்கள்
அவசரத்தில் அப்படித்தான் சொல்வோம்.
கல்யாணப் பத்திரிகையிலும் அதே மூன்றெழுத்து வரும்,
அதை நான் சொல்லவில்லை.
புள்ளி வைத்தால் இருட்டு, எடுத்தால் வெளிச்சம்.
இறந்தவனின் அம்மா மூன்றாம் வரிசையில்
யார் முகத்தைப் பார்ப்பதென்று தெரியாமல்
மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தயாபரன் உட்காரும்போது
ஜூனியரிடம் இன்னொரு முறை சொன்னார்,
டிம்.
இந்த முறை விளக்கை அல்ல.
அவரையா என்னையா, அதுவும் தெரியவில்லை.
"என்னம்மா சொல்றாரு?"
கேட்டதையெல்லாம் பெயர்ப்பேன் என்று
சத்தியம் செய்தவள் நான்.
"ஒண்ணுமில்லண்ணே."

போகக்கூடாதுதான். போனேன்.
அன்றிரவு ஜெலுத்தோங்கில்
அதே கம்பத்தின் கீழ், பூச்சி மொய்க்கும்
அதே மஞ்சளில் நின்று
எதிரே நின்ற லாரியின் நம்பரை வாசித்தேன்.
வாசிக்க முடிந்தது. கடைசி எண் மட்டும்
மூன்றா, எட்டா.