கலங்காத வரை

கசிவது குற்றமில்லை.
நூற்றுப் பதினான்கு வயது மண்கரை
கொஞ்சம் கசியத்தான் செய்யும்.
கசிவது தெளிவாக இருக்கிறதா
என்பதுதான் கேள்வி.

அந்த ஒற்றைக் கேள்விக்காக
வாரம் இருமுறை
பென்சில்வேனியாவின் இந்த மலைமடிப்பில்
கரையின் காலடிக்கு இறங்குகிறாள்
பெர்னடின் ஹ்ருஸ்கா.
ஊரின் தண்ணீர்ப் பிரிவு முழுக்க அவள்தான்;
செவ்வாய்க்கிழமைகளில் மட்டும்
பாதி நாள் ஒரு பையன்.

கையில் கழுவிய ஊறுகாய் பாட்டில்.
மூடியில் பூண்டு வாசம் போகவேயில்லை.
முக்கோணமாய் வெட்டிய தகரத்தின் வழியே
வழிவதைப் பிடித்து
வெயிலுக்கு நேரே தூக்குவாள்.
தெளிவு.
தேதி எழுதுவாள்.
ஏறுவாள்.

மேலே கரைமுதுகில்
பதினேழு மேப்பிள் மரங்கள்.
போரிலிருந்து திரும்பாத
சுரங்கத்துப் பையன்களுக்கு
ஆளுக்கொன்றாய் நட்டவை.
மாநில இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு முறையும்
ஒரே வரியை எழுதிப் போகிறார்:
மரங்களை அகற்றவும்,
வேர் போன வழியில் நீர் போகும்.
ஒவ்வொரு முறையும் கவுன்சில் கூட்டத்தில்
யாராவது எழுந்து
தன் வீட்டு மரம் எதுவென்று சொல்கிறார்.
அப்புறம் யாருக்கும் பேச்சு வருவதில்லை.
தீர்மானம் தள்ளிவைக்கப்படுகிறது.

பெர்னடினுக்கும் ஒன்று உண்டு.
ஒன்பதாவது.
அவள் பார்த்திராத பெரியப்பா.

வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள்.
போட்டாயிற்று.
போட்டவர்கள் போய்ச் சேர்ந்தும் ஆயிற்று.
போட்ட அணையை
எந்த வெள்ளத்துக்கு முன் போய்ப் பார்ப்பது
என்று பழமொழி சொல்லவில்லை.

மதகைத் திருகும் சக்கரம்
பதினோரு பூச்சுப் பச்சைப் பெயின்ட்டுக்கு அடியில்
எங்கோ இருக்கிறது.
அது சுழன்றதைக் கடைசியாகப் பார்த்தவர்
லியோ பார்ட்கஸ்.
வலப்பக்கமா இடப்பக்கமா என்றால்
அவருக்கே சந்தேகம்.

ஏப்ரல்.
உருகும் பனிமேல் மூன்று நாள் மழை.
கலிங்கு நிரம்பிப் புரண்ட இரவில்
பாட்டிலை
வண்டியின் முன்விளக்கில் பிடித்தாள்.
ஒரு சொட்டுப் பால் விழுந்தாற்போல்
ஏதோ ஒன்று.
பானெட்டின் மேல் வைத்து
பத்து நிமிஷம் நனைந்துகொண்டே நின்றாள்.
அடியில் வந்து படிந்தது
நகக்கண் அளவு மஞ்சள் களிமண்.

கரை, தன்னையே எடுத்து
வெளியே கொடுத்துக்கொண்டிருந்தது.

எந்த இடத்தில், என்றது தொலைபேசி.
சட்டென்று வாயில் வரவில்லை.
ஒன்பதாவது மரத்துக்கு
நேர் கீழே, என்றாள்.

நான்கு பேர், ஆறடி இரும்புக் குழாய்,
ஒரு கெட்டவார்த்தைப் பிரவாகம்.
முனகிக்கொண்டு அசைந்தது சக்கரம்.
இடப்பக்கம்தான்.

மில் தெருவின் இருநூறு வீடுகளை எழுப்பி
பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் படுக்க வைத்தார்கள்.
விடிந்தது.
ஏரி ஐந்தடி இறங்கியிருந்தது.
கரை நின்றது.
முதுகுவலி என்றார்கள், காபி வாயில் வைக்கவில்லை என்றார்கள்.
ஒன்றுமே ஆகலையே என்றார்கள்,
ஏமாற்றப்பட்டவர்களைப் போல.

ஜூனில் ரம்பம் வந்தது.
ஒன்பதாவதின் அடிக்கட்டையைப் பெயர்த்தபோது
கைத்தடிமன் வேர் ஒன்று
கரைக்குள் நேராகப் போயிருந்தது.
மக்கிப்போன அதன் இடம் மட்டும்
குழாயாக மீந்திருந்தது.
பெர்னடின் மண்டியிட்டு
முழங்கை வரை உள்ளே விட்டாள்.
ஏதோ குளிர்ந்தது
விரல்களைப் பற்றி இழுத்தது.
யாரிடமும் சொல்லவில்லை.

பழுதுபார்க்கப் பணம் இன்னும் வரவில்லை.
ஏரியைப் பாதிக்கு மேல் ஏறவிடுவதில்லை.
தூண்டில்காரர்கள் திட்டுகிறார்கள்.

ஏப்ரல் பாட்டில்
அவள் சமையலறை ஜன்னலில் நிற்கிறது.
மேலே கண்ணாடியாய்த் தண்ணீர்,
அடியில் ஒரு சிட்டிகைக் கரை.
நிலக்கரி லாரி தெருவில் போகும்போது மட்டும்
லேசாகப் புகைந்து
மறுபடி படிகிறது.