ஓசை நாள்

போன மாதம் மஞ்சள் நாள்.
சுற்றறிக்கையில் அப்படித்தான் இருந்தது:
மஞ்சள் உடை, மஞ்சள் பழம், மஞ்சளாக ஏதாவது ஒன்று.
இருபத்தொன்பது பேரில் பதினோரு பேர் வரவே இல்லை.
வந்தவர்களில் ஜோவிதா
அம்மாவின் ரவிக்கையைத்
தோளில் ஊக்கு குத்திப் போட்டிருந்தாள்.
நாள் முழுக்க இடது கையால் ஊக்கைப் பிடித்தபடி
வலது கையால் சூரியகாந்தி வரைந்தாள்.
பூ நன்றாகத்தான் வந்தது.
நான்தான் பார்க்க முடியாமல்
பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்,
எழுத்தே இல்லாத பலகையை.

இந்த மாதம் பச்சை.
பச்சை வேண்டாம் சார், ஓசை வைத்துக்கொள்கிறேன் என்றேன்
தலைமையாசிரியரிடம்.
"ஓசைன்னா?"
கடையில் விற்காது சார்.
அவர் பேனாவை மூடினார்.
சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆளுக்கொரு ஓசை.
வீட்டுப் போனில் பிடித்து எனக்கு அனுப்ப வேண்டும்,
என்ன ஓசை என்று மூச்சு விடக் கூடாது.
போன் இல்லாத ஆறு வீட்டுக்கும்
தினம் ஒன்றாகப் பள்ளி டேப்லெட்டைத்
துப்பட்டாவில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன்.
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
எப்போது திறந்திருக்கிறது?

வெள்ளிக்கிழமை
ஸ்மார்ட் போர்டுக்கு நல்ல மனநிலை.
இரண்டாவது தட்டிலேயே விழித்துக்கொண்டது.
எல்லோரும் கண்ணை மூடுங்கள்.

தடக், தடக், தடதட, க்ரீச்.
"கூட்ஸு!"
அது ஓசையே இல்லை எங்களுக்கு, காற்று மாதிரி.

புஸ்ஸென்று ஒரு சீறல்.
பாம்பு என்றான் ஒருவன்.
"அய்ய, தண்ணி லாரி பைப்புடா,
குடத்துல வுழறதுக்கு முன்னாடி."

டொக். டொக். டொக்.
ஓர் இடைவெளி.
டொக்.
கதவு? கேரம்? கல்லறுக்கிற இடம்?
பாசித் பெருமை தாங்காமல் எழுந்தான்.
"எங்க அத்தா காசிமேட்டுல ஐஸ் ஒடைக்கிறாரு.
நடுவுல ஒண்ணு வுட்டுச்சில்ல மிஸ்,
அது பீடி."

ஏழாவது யுகேந்திரனுடையது.
ஜூனிலிருந்து என்னிடம் அவன் பேசியது
"உள்ளேன் மிஸ்" மட்டும்,
அதுவும் பாதி நாள் கையால்.
தட்டினேன். ஒன்றுமில்லை.
ஒலியைக் கூட்டினேன். ஒன்றுமில்லை.
"ஓடல மிஸ்." "அடுத்ததப் போடுங்க."
திரையின் அடியில் சின்னப் புள்ளி மட்டும்
எறும்பு மாதிரி நகர்ந்துகொண்டிருந்தது.
விரலை அடுத்ததற்குக் கொண்டுபோய்விட்டேன்.

"ஓடுது மிஸ்."
நின்றுகொண்டிருந்தான்.
"கரண்டு போச்சு. ஃபேன் நின்னுச்சு.
கீழ்வூட்டு டிவி நின்னுச்சு.
அம்மா நைட்டு முடிச்சி தூங்குது.
எழுப்பாம புடிச்சேன்."

பதினைந்து சொல். எண்ணினேன்.

அவன் அம்மாவுக்கு ஸ்டான்லியில் துப்புரவு வேலை.
பகலில் தூங்குகிறவர்களுக்கு
எங்கள் பக்கம் யாரும் இடம் விடுவதில்லை.
ஹாரன், லாரி, மைக் செட், நான்கு வீட்டு மிக்ஸி.
அத்தனையும் ஒன்றாக ஓய்ந்த முப்பத்தெட்டு நொடியைக்
கையில் பிடித்திருந்தான், டேப்லெட்டோடு.

மறுபடி போட்டேன்.
நான் அதட்டவில்லை, விரலை உதட்டில் வைக்கவில்லை.
இருபத்தொன்பது பேரும்
தூங்கும் வீட்டில் கால் வைக்கிற மாதிரி
கேட்டார்கள்.
"மிஸ்," ஜோவிதா கிசுகிசுத்தாள்,
"அவங்க அம்மா மூக்கு விசிலடிக்குது."
இருந்தது. மெல்லியதாக.
முதலில் சிரித்தது யுகேந்திரன்தான்.

சாயங்காலம் செயலியில் பதிவேற்றம்.
நிறத்தைத் தேர்ந்தெடுக்கவும் என்றது.
சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம்.
ஓசைக்குக் கட்டம் இல்லை.
பச்சையைத் தொட்டேன்.
படம் கேட்டது, கொடுத்தேன்.

திங்கட்கிழமை வட்டார அலுவலகத்திலிருந்து அழைப்பு:
"என்ன மேடம் இது?
பச்சைன்னு போட்டிருக்கீங்க, ஒரு இலை கூட இல்ல.
ஏன் புள்ளைங்க எல்லாம் தூங்குது?"

சன்னலுக்கு வெளியே
நாற்பது பெட்டியோ நாற்பத்தைந்தோ,
ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு கிளம்பியது.

ஒரு நிமிஷம் சார், என்று கத்தினேன்,
கூட்ஸ் போயிடட்டும்.