சுவர்ப் பக்கம்

வலது கண்ணில்தான் முதலில் வந்தது.
கஞ்சி ஒரு சொட்டு தெறித்து
காய்ந்துபோனது மாதிரி.
துணியை நனைத்துத் துடைத்தேன்.
துடைக்க வரவில்லை.
உள்ளே இருந்தது.

தீபாவளிக்குள் இடது கண்ணும்.

வேப்பேரிக்கு ஆட்டோ ஏறும்போது
எதிர்வீட்டுக் கன்னியம்மா சிரித்தாள்:
"இன்னாமே ரெஜினா,
பெருச்சாளிக்கு ஆட்டோவா?"

சீமைப்பெருச்சாளி என்றுதான்
அகராதியிலும் போட்டிருக்கிறதாம்.
சீமையும் இல்லை, பெருச்சாளியும் இல்லை.
பிராட்வேயில் ஒரு ஞாயிற்றுக்கிழமை
ஷூ டப்பாவில் ஓட்டை போட்டுத் தந்தார்கள்.
கூட வந்த சேமியா
போன பொங்கலுக்கு முன்னாலேயே போய்விட்டாள்.
இவள் ரவா.
ஆறு வயசு.

டாக்டர் சின்னப் பெண். டார்ச் அடித்தாள்.
தண்ணி நெறைய குடிக்குதா என்றாள்.
சுகர் பார்த்தாள். இல்லை.
ஆபரேஷன்?
"இந்த வயசுல மயக்கம் குடுத்தா
எழுந்திருக்கும்னு சொல்ல முடியாதும்மா.
வெச்ச பொருள வெச்ச எடத்துல வைங்க.
மூக்கும் மீசையும் பாத்துக்கும்."

வெச்ச இடம்!
ஹவுசிங் போர்டு, கீழ்த்தளம், ஒரே ரூம்.
கார்த்திகை மழையில்
கிரைண்டர் கட்டில்மேல் ஏறும்,
அரிசி டிரம் கிரைண்டர்மேல் ஏறும்,
மீன்பெட்டிக்குள் ரவா
எல்லாவற்றுக்கும் மேலே.
தண்ணீர் வடிந்தபின்
எது எங்கே இருந்ததென்று
எங்களுக்கே சண்டை வரும்.

இந்த வருஷம் சாக்பீஸ் வாங்கினேன்.
தட்டைச் சுற்றி ஒரு வட்டம்.
தண்ணீர் பாட்டிலுக்குக் கீழே ஒரு பெருக்கல் குறி.
மழைக்கு முந்தைய நாள்
எட்வின் தரைக் கல்லை எண்ணி
கேஸ் பில்லுக்குப் பின்னால் எழுதிக்கொண்டார்:
கட்டில் கால், கதவிலிருந்து ஏழு.

முன்பெல்லாம் கவர் சரசரத்தால்
நின்ற இடத்தில் எகிறிக் குதிப்பாள்,
எண்ணெயில் விழுந்த கடுகு.
இப்போது சுவரை விடுவதில்லை.
மீசை உரச உரசப் போகிறாள்,
மூலையில் நின்றுவிடுகிறாள்.
மரப்பெட்டிக்குள் தூங்கியவள்
அதன் வாசலிலேயே படுக்கிறாள்.
எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரி போனால்
வைக்கோலுக்குள் முகத்தைப் புதைக்கிறாள்.
மேலிருந்து கை வந்தால்
பல்லை நறநறக்கிறாள்.

எட்வினைக் கடித்தாள்.

சித்தி மகள் கல்யாணத்துக்குக் கிளம்பிய அன்று.
இரண்டு தரம் சோப்பு, அப்புறம் சென்ட்,
வெள்ளைச் சட்டை.
போய்வரேன் என்று கை நீட்டினார்.
விரலில் ரத்தம், சட்டையில் ஒரு சொட்டு.
கோபமில்லை அவருக்கு.
"என்னை யாருன்னு தெரியலை அதுக்கு"
என்றார், கல்யாணத்தில் மூன்று பேரிடம்.

காசிமேட்டு ஐஸ் கம்பெனியில் பதினெட்டு வருஷம்.
பஸ்ஸில் அவர் பக்கத்து சீட்
காலியாகவே வரும்.
வீட்டில் நானும்தான்:
குளிக்காமல் எதையும் தொடாதே,
பாயைத் தொடாதே, டிவி ரிமோட்டைத் தொடாதே.
அந்த நாற்றம் ஒன்றுதான்
ரவாவுக்கு எட்வின் என்பது
எனக்கு உறைக்க ஒரு வாரம் ஆனது.

மறுநாள் வாசலில் செருப்பைக் கழற்றியவரிடம்
"இப்படியே போ" என்றேன்.
நம்பாமல் பார்த்தார்.
செதில் ஒட்டிய பேண்டோடு
தரையில் உட்கார்ந்து
கையை மேலிருந்து விடாமல்
தரையோடு தரையாக வைத்தார்.

மூலையிலிருந்து வந்தாள். சுவரை விட்டு.
நடுத்தரையில், பிடிக்க ஒன்றுமில்லாமல்,
நாலு கல், ஐந்து கல்.
அந்த விரலில்,
பிளாஸ்டர் போட்ட விரலில்தான்,
முகத்தை வைத்தாள்.

நான் ரிமோட்டைக் கொண்டுபோய்
அவர் மடியில் போட்டேன்.

காலையில் கொத்தமல்லிக்கட்டைப் பிரிக்கும்போது
இன்றைக்கும் வீக் வீக் என்று கேட்கிறாள்.
குரலுக்கு வயசாகவில்லை.
திசைதான் தப்பிவிட்டது.
நான் ஸ்டவ் பக்கம் நிற்கிறேன்,
அவள் சுவரைப் பார்த்துக் கேட்கிறாள்,
சுவர் தரவில்லையே என்று
இன்னும் கொஞ்சம் சத்தமாக.

கொத்தமல்லியோடு போய்
சுவர்ப் பக்கம் நின்றுகொள்கிறேன்.