கால் சுற்று

"பெல்ட் மறுபடி இடப்பக்கம் போகுது"
என்று நிலவறையிலிருந்து கத்துகிறான் ரைமோ.
இந்த வாரத்தில் மூன்றாவது முறை.
வெளியே மைனஸ் முப்பத்திரண்டு.
தண்டர் பே முழுக்க
யாரும் எங்கும் நடந்து போகாத மாதம்.

பிளக்கைப் பிடுங்கினேன்.
நான்கு திருகு, ஒரு மூடி, அடியில் மோட்டார்.
கைப்பிடி அளவு சாம்பல் தூசி
(எங்கள் தோல்தான், வேறென்ன),
காணாமல் போன சட்டைப் பொத்தான்,
உருளையைச் சுற்றிக்கொண்டு
புல்லாவின் மஞ்சள் முடி.
நாய் செத்து இரண்டு வருடம்.
வாக்குவம் கிளீனரை நிறுத்திவிட்டுக்
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
அப்புறம் போட்டேன்.

பெல்ட்டுக்கு அடியில் கைவிட்டால்
பலகை வறண்டு கிடக்கிறது.
சிலிக்கான் எண்ணெய் இரண்டு கோடு,
அதற்கு மேல் ஊற்றினால் வழுக்கும் என்று
கையேடு இரண்டு மொழியில் மிரட்டுகிறது.
பாதுகாப்புச் சாவி தொலைந்துவிட்டதை
அதனிடம் நாங்கள் சொல்லவில்லை.
ஃபிரிட்ஜ் கதவிலிருந்த நயாகரா காந்தத்தை
அந்த இடத்தில் ஒட்டியிருக்கிறோம்.
அருவி இருந்தால்தான் ஓடும்
எங்கள் டிரெட்மில்.

ஆளில்லாமல் ஓடவிட்டேன்.
பெல்ட் நடுவில் நின்றது.
நான் ஏறிப் பத்து நிமிடம் நடந்தேன்.
அப்போதும் நடுவில்தான்.
ரைமோ ஏறினான்.
நாலாவது நிமிடம் விளிம்பு மெல்ல நகர்ந்து
இடப்பக்கப் பிளாஸ்டிக்கை
உரச ஆரம்பித்தது.

முகத்தைப் பார்க்காமல் தரையில் படுத்துக்
காலடியை மட்டும் கேட்டேன்.
தொப். தப்.
தொப். தப்.
நவம்பரில் கூரைப் பனியை வழிக்க ஏறி
ஏணியோடு சரிந்தவன்.
இடுப்பு எப்போதோ சரியாகிவிட்டது என்று
டாக்டரிடம் சொன்னவன்,
தம்பி எஸ்கோவிடம் சொன்னவன்,
தானியக் கிடங்கு மேலாளரிடம் சொல்லி
வேலைக்குத் திரும்பியவன்,
என்னிடம் சொல்லும்போது
ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவன்.
தொப். தப்.
இந்த வீட்டில் பொய் சொல்லத் தெரியாத ஒரே பொருளைத்
தவணையில் வாங்கியிருக்கிறோம்,
இன்னும் ஏழு மாதம் பாக்கி.

"மெஷின்லதான் கோளாறு" என்றான்.
"ஆமா" என்றேன்.

அவன் குளிக்கப் போனதும்
பின்பக்கம் மண்டியிட்டு
இடது திருகில் ஆலன் கீயைச் செருகி
வலம்வரக் கால் சுற்று.
காலுக்காகக் கால் சுற்று.
மல்லுக்கட்டவில்லை திருகு,
இவ்வளவுதானா என்பதுபோல் திரும்பியது.
சட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் தேதி.
மறுநாள் நடுவில் ஓடியது அவனுக்கு.
எனக்கு வலப்பக்கம் ஒதுங்கியது.
நான் நடப்பதை விட்டேன்,
படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டேன்.

பிப்ரவரியில் இன்னொரு கோடு.
மார்ச்சில் எதுவும் இல்லை.

ஏரியில் பனி உடைகிற ஏப்ரல்.
நிலவறையிலிருந்து சத்தம்:
"இப்போ வலப்பக்கம் போகுது!
நீ எதையோ திருகிக் கெடுத்துட்ட!"
துடைக்கிற தட்டைக் கையில் வைத்துக்கொண்டே
படியில் நின்று கேட்கிறேன்.
தப். தப். தப். தப்.

கரண்டி இழுப்பறையில்தான் வைத்தேன் ஆலன் கீயை.
அங்கே இல்லை.
"இரு, வர்றேன்" என்கிறேன்.
போகாமல்
இன்னும் கொஞ்சம் கேட்கிறேன்.